விடுகைப் பத்திரத்தில் கையெழுத்திடுவதற்கு முன்: கொழும்புத் தமிழ்ப் பாடசாலை அதிபர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிபர்களுக்கும் பிரதி அதிபர்களுக்கும்,

வணக்கம். கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, மருதானை, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று கொழும்பில் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளை நடத்தும் உங்களில் சிலரோடு ஒரே ஆசிரியர் அறையில் இருந்து தேநீர் குடித்திருக்கிறேன். ஓரிருவர் என் வகுப்பில் படித்தவர்கள். 31 வருடம் சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். அந்த உரிமையில் ஒரேயொரு விடயத்தைக் கேட்டு இதை எழுதுகிறேன். போதைப்பொருளோடு பிடிபடும் பிள்ளையிடம் விடுகைப் பத்திரத்தைக் கொடுத்து வெளியே அனுப்பாதீர்கள்.

நான் அப்படி ஒரு பிள்ளையை அனுப்பியிருக்கிறேன். ஒழுக்காற்றுக் குழுவில் ஐந்து பேர் இருந்தோம், மூன்றாவது கையெழுத்து என்னுடையது.

தரம் 10 பையன், 15 வயது. மாணவ தலைவர்கள் வகுப்பைச் சோதித்தபோது அவனுடைய கொம்பாஸ் பெட்டிக்குள், பாகைமானிக்குக் கீழே, டிசுவில் சுற்றிய மூன்று கெப்சியூல் கிடைத்தது. ப்ரிகேபலின். நரம்பு வலிக்கும் வலிப்புக்கும் வைத்தியர் எழுதிக்கொடுக்கிற மருந்து அது. பிள்ளைகள் அதை 'டெப்லட்' என்று மட்டும் சொல்வார்கள். அவனுடைய அப்பா புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமி. வேலையைப் பாதியில் விட்டு ஓடிவந்திருந்தார். தோளில் கிடந்த துவாயில் செத்தல் மிளகாய் மூட்டையின் நெடி. அதிபர் இரண்டு தடவை தும்மினார். கதிரை காட்டியும் அவர் உட்காரவில்லை. "சேர், அடிங்க சேர், என்ன வேணும்னாலும் பண்ணுங்க. ஸ்கூல உட்டு மட்டும் அனுப்பிறாதீங்க" என்றார். பாடசாலையின் பெயர் என்று நாங்கள் கதைத்தோம். மற்றப் பிள்ளைகளின் எதிர்காலம் என்றோம். இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது.

வேறு பாடசாலை சேர்த்துக்கொள்ளட்டும் என்று பத்திரத்தில் நடத்தைக்கு நேரே 'திருப்திகரம்' என்று எழுதினோம். அதைக் கருணை என்று அன்று நினைத்தோம். எந்தப் பாடசாலையும் அவனைச் சேர்க்கவில்லை. பத்திரம் போய்ச் சேருவதற்குள் தொலைபேசியில் செய்தி போய்விட்டிருந்தது.

அதற்கு முன்பு நான் எதையும் காணவில்லை என்று சொல்ல முடியாது. முதலாம் தவணையில் அவனுடைய கொப்பியில் ஓரக்கோடு இரண்டு நிறத்தில் இருக்கும், தலைப்புகளுக்கு அடிக்கோடு நேராக இருக்கும். மூன்றாம் தவணையில் எழுத்து கோட்டை விட்டு இறங்கி அடுத்த வரிக்குள் விழுந்துகிடந்தது. காலை முதல் பாடத்திலேயே தூங்கினான். சிவப்புப் பேனையால் 'கவனம் தேவை' என்று எழுதிக் கொடுத்தேன். யாருடைய கவனம் என்று அன்று நான் யோசிக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் அவனுடைய அம்மாவைக் கண்டேன். அவர்கள் சைவக்காரர், ஆனாலும் செவ்வாயில் அங்கு யார் வருவதில்லை? மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டுத் திரும்பியவர் என்னைக் கண்டதும் முக்காட்டைச் சரிசெய்தார். "இப்ப வீட்டுக்கு வாறதில்ல டீச்சர். ஆமர் வீதிப் பக்கம் நிக்கிறான்னு சொல்றாங்க. ஐஸாம்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

டெப்லட்டிலிருந்து ஐஸ் என்கிற மெத்தம்பெட்டமினுக்குப் போக அவனுக்கு இரண்டு வருடம் இருந்தது. அந்த இரண்டு வருடத்தில் ஒவ்வொரு நாளும் அவன் முகத்தைப் பார்த்திருக்கக்கூடிய ஒரே இடம் பாடசாலைதான். அப்பா விடிய நான்கு மணிக்குப் போய் இரவு வருகிறார். அம்மா இரண்டு வீட்டில் வேலை செய்கிறார். காலையில் பெயர் கூப்பிடும்போது அவன் இல்லையென்று தெரிந்துகொள்ளக்கூடியது நாங்கள் மட்டுமே. அந்த இடாப்பிலிருந்துதான் அவன் பெயரை வெட்டினோம். அன்றைக்கு அவனைத் தேடிவந்தது விற்கிறவன். 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது இந்த நாட்டின் ஒழுங்குவிதி. 15 வயதுப் பிள்ளைக்கு விடுகைப் பத்திரம் கொடுக்கும்போது நாம் அதையும் மறந்துவிடுகிறோம்.

உங்கள் பதில் எனக்குத் தெரியும், நானே சொல்லிய பதில்தான்: "ஒருவனை வைத்திருந்தால் நாற்பது பேர் கெடுவார்கள்." இது வெறும் சாட்டு இல்லை. மற்றப் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்து கொடுக்கிறவனை அதே வாங்கில் இருத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. சில கிழமைகள் தனியாக வையுங்கள், வரவு போக்கைக் கண்காணியுங்கள், பெற்றோரிடம் எழுத்தில் உறுதி வாங்குங்கள். ஆனால் அவன் பெயர் இடாப்பில் இருக்கட்டும். பாவிக்கிறவனும் விற்கிறவனும் ஒன்றல்ல. சட்டமும் அவர்களை ஒன்றாகப் பார்ப்பதில்லை. 2022இல் அபின், அபாயகர ஔடதங்கள் தொடர்பான கட்டளைச் சட்டத்தைத் திருத்தியபோது, 5 கிராமோ அதற்கு மேலோ ஐஸ் கடத்தினால் மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை என்று கொண்டுவந்தார்கள். 5 கிராம் என்றால் ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிச் சீனி. விற்கிறவனுக்கு அவ்வளவு கடுமையாகச் சட்டம் இருக்கிறது. வாங்கிப் பழகிப்போன பிள்ளையை என்ன செய்வது என்பதைத்தான் நாம் இருபது நிமிடத்தில் முடித்துவிடுகிறோம்.

இனி தடுப்புக் கல்வி. அதைச் செய்கிறோம் என்றுதான் நாம் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஜூன் 26 சர்வதேச போதைப்பொருள் ஒழிப்புத் தினம். காலைக் கூட்டத்தில் ஒரு பொலிஸ் அதிகாரியின் பேச்சு, கறுத்துப்போன நுரையீரலின் படம், பதாகை பிடித்து ஜம்பட்டா வீதி வரை ஒரு நடை, படம் எடுத்துக் கல்வி வலயத்துக்கு அறிக்கை. 31 வருடத்தில் எத்தனை பதாகைக்கு நான் எழுத்துத் திருத்தியிருப்பேன்! 2013இல் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் தடுப்புப் பணிக்கான சர்வதேச நியமங்களை வெளியிட்டது. 2018இல் உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து அவற்றைப் புதுப்பித்தது. பாடசாலையில் பலன் தராதவை என்று அதில் சொல்லப்பட்டிருப்பதை வாசித்தபோது எனக்கு முகத்தில் அடித்ததுபோல் இருந்தது. பயமுறுத்துவது, தகவலை மட்டும் ஒப்புவிப்பது, பிள்ளைகள் வாய்திறக்காத விரிவுரை, பொலிஸாரைக் கொண்டு நடத்துவது, முன்பு பாவித்தவரை மேடையேற்றி அனுபவம் சொல்ல வைப்பது. நாம் செய்துவந்தது முழுவதும் அந்தப் பட்டியலில் இருந்தது.

அந்தக் கடைசி விடயத்தை நான் நேரிலேயே கண்டேன். மீண்டுவந்த ஒருவரை அழைத்திருந்தோம், நல்ல மனிதர், அழுது அழுது பேசினார். பிள்ளைகள் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதியில் இருந்தார்கள். பெரிய வெற்றி என்று நினைத்தோம். கேள்வி நேரத்தில் முன்வரிசையிலிருந்து ஒரு பையன் எழும்பி, "அங்கிள், அது அடிச்சா எப்படி இருக்கும்?" என்று கேட்டான். குறும்பாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். ஒன்றரை மணித்தியாலத்தில் அந்தப் பிள்ளைக்கு நாம் ஊட்டியிருந்தது அந்தக் கேள்வியைத்தான்.

பாடசாலை வாசலில் போதை டொபி விற்கிறார்கள் என்று வருடம் ஒருமுறை வட்ஸ்அப்பில் வரும் செய்திக்கும் நாம் தேவைக்கு மேல் பயப்படுகிறோம். பிள்ளைக்கு முதல் தடவை கொடுப்பது முகம் தெரியாத ஆள் அல்ல. அதே தோட்டத்து (கொழும்பின் நெருக்கமான குடியிருப்பு) அண்ணன், பெரியம்மா மகன், கிரிக்கெட் டீமின் கெப்டன், கூட ரியூஷன் போகிற சிநேகிதன். நான் விசாரித்த ஒவ்வொரு பிள்ளையும் சொன்னது அன்பான ஒருவரின் பெயர். முன்பின் தெரியாதவனிடம் எதையும் வாங்காதே என்று படிப்பித்தோம். அண்ணனிடம் எப்படி மறுப்பது என்று படிப்பிக்கவில்லை.

ஓய்வுபெறுவதற்கு முந்திய மூன்று வருடம் தரம் 8இல் அதைத்தான் செய்து பார்த்தேன். மேசைகளை ஓரமாகத் தள்ளி, இருவர் இருவராக நிற்க வைப்பேன். ஒருவர் அண்ணன், மற்றவர் தம்பி. அண்ணன் ஒரு மாவா பக்கெட்டை நீட்டுகிறான். பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு சேர்ந்த அதே மாவாதான். இந்த நாட்டு ஆண்களைப் பிடிக்கும் புற்றுநோய்களில் முதலிடத்தில் இருப்பது வாய்ப்புற்றுநோய் என்பதை அதற்கு முந்திய பாடத்திலேயே சொல்லி முடித்திருப்பேன். தம்பி மறுக்க வேண்டும், ஆனால் அண்ணனின் மனமும் நோகக்கூடாது. முதல் நாள் ஒருவருக்கும் வாய் வரவில்லை. சிரித்தார்கள், நெளிந்தார்கள். பேச்சுப்போட்டியில் மெடல் வாங்கிய பிள்ளை "போதை என்பது சமூகத்தின் சாபக்கேடு" என்று தொடங்கி அண்ணனாக நின்றவனின் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள். மூன்றாம் கிழமை நல்ல பதில்கள் வரத்தொடங்கின. "வேணாம் அண்ணே, எனக்கு நாளைக்கு பிரக்டிஸ்." "அம்மா வாய மணந்து பாப்பாங்க." "நீங்களும் போடாதீங்க அண்ணே, வாங்க பராட்டா தின்னப் போவோம்." இந்தக் கடைசி வசனத்தை வகுப்பே பாடமாக்கியது. ஒரு தவணை முழுவதும், கிழமைக்கு ஒரு பாடவேளை. மேலதிகமாக ஒரு சதம் செலவில்லை.

அத்தோடு இன்னொன்றையும் செய்தேன். "உங்கள் வகுப்பில் எத்தனை பேர் சிகரெட் குடித்துப் பார்த்திருப்பார்கள்?" என்று பெயரில்லாத துண்டில் எழுதச் சொல்வேன். பாதிப்பேர் என்றுதான் பெரும்பாலும் எழுதுவார்கள். அடுத்த துண்டில் "நீ குடித்திருக்கிறாயா?" என்று கேட்டால் எண்ணிக்கை மிகவும் இறங்கிவிடும். இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு நான் ஒன்றும் சொல்லமாட்டேன். எல்லாரும் செய்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் அந்த இலக்கங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் இருப்பவனும் தன்னைப் போலத்தான் என்று தெரியும்போது பையன்களின் தோள் இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து மொழி. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேறொரு பிள்ளையையும் தாயையும் உதவி கேட்டு ஓரிடத்துக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்த உத்தியோகத்தர் பண்பான பெண், பொறுமையாகக் கேட்டார். ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. தாய்க்குச் சந்தைச் சிங்களம் மட்டுந்தான். என் சிங்களமும் அலுவலகப் படிவத்துக்கு மேல் போகாது. எங்கள் மூன்று பேருக்குள் நல்ல சிங்களம் தெரிந்தவன் அந்தப் பையன்தான். ஆகவே அவனே மொழிபெயர்த்தான். "எவ்வளவு காலமாகப் பாவிக்கிறான்?" என்று அவர் கேட்டதை, "நான் எத்தன மணிக்கு நித்திர கொள்றேன்னு கேக்குறாங்க" என்று தாயிடம் சொன்னான். தாய் சொன்ன பதிலை அவன் எப்படித் திருப்பிச் சொன்னானோ, உத்தியோகத்தர் தலையாட்டி எழுதிக்கொண்டார். தன்னைப் பற்றிய விசாரணைக்குத் தானே மொழிபெயர்ப்பாளனாக இருந்த 14 வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அவன் பொய் சொன்னான் என்று நான் குறைகூறவில்லை. அம்மாவை நோகடிக்காமல் வெளியே வர அவனுக்கு வேறு வழி இருக்கவில்லை.

சிங்களமும் தமிழும் அரச கரும மொழிகள். ஒரு பிள்ளை தன் அவமானத்தை, தன் ஆசையை, இரவில் வருகிற பயத்தைச் சொல்லவேண்டிய இடத்தில் அது தாய்மொழியில் நடக்காவிட்டால் அது உதவியே இல்லை. எனவே ஆலோசனை வழிகாட்டலுக்கென்று உங்கள் பாடசாலையில் தமிழில் கதைக்கும், பயிற்சி பெற்ற ஒருவர் இருக்கவேண்டும். ஏற்கெனவே கிழமைக்கு முப்பது பாடவேளை சுமக்கும் ஆசிரியரின் தலையில் 'ஆலோசகர்' என்ற பெயரையும் ஏற்றிவிட்டு அறிக்கையில் சரியென்று போடாதீர்கள். நியமனம் மேலிருந்து வரவேண்டும் என்பீர்கள், உண்மைதான். கல்வி அமைச்சிடமும் மேல் மாகாணக் கல்வித் திணைக்களத்திடமும் கேளுங்கள், தனித்தனியாக இல்லாமல் எல்லா அதிபர்களும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டுக் கேளுங்கள். அது வரும்வரை பழைய மாணவர் சங்கங்கள் இருக்கின்றன. அரங்குக்குக் கதிரை வாங்கித் தருகிறார்கள், பேண்ட் வாத்தியம் வாங்கித் தருகிறார்கள். அரைநாள் ஆலோசகர் ஒருவரின் ஒரு வருடச் சம்பளத்தைக் கேட்டுப்பாருங்கள். என்னிடம் படித்த சிலர் கனடாவிலிருந்து என்னை அழைத்து "டீச்சர், ஸ்கூலுக்கு என்ன வேணும்?" என்று கேட்கிறார்கள். இனி நான் சொல்லப்போகும் பதில் இதுதான்.

பெற்றோரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 இறுதியில் பாடசாலை வாயில்களில் புத்தகப் பைகளைச் சோதித்த நாட்கள், 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிராகப் பொலிஸார் தொடங்கிய 'யுக்திய' சுற்றிவளைப்புகள், இவையெல்லாம் நம் தோட்டத்து வீடுகளில் ஒரு பயத்தை விட்டுப் போயிருக்கின்றன. பிள்ளை தடுமாறுகிறான் என்று தெரிந்தும் தாய் வாய்திறப்பதில்லை. பாடசாலைக்குச் சொன்னால் பொலிஸ் வரும், பொலிஸ் வந்தால் பெயர் போகும். பெண்பிள்ளை என்றால் இன்னும் ஆழமாகப் புதைத்துவிடுவார்கள், ஊருக்கு அனுப்பிப் படிப்பையே நிறுத்திவிடுவார்கள். அதிபரின் கையெழுத்தோடு ஒரு பக்கக் கடிதம், நல்ல தமிழில், ஒவ்வொரு வீட்டுக்கும் போகட்டும்: உங்கள் பிள்ளை பற்றிப் பயம் இருந்தால் எங்களிடம் வாருங்கள், பெயர் வெளியே போகாது, பிள்ளையை விலக்கமாட்டோம். கீழே இலக்கங்களையும் போடுங்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1929. தேசிய மனநல நிறுவகம் 1926. ஹோர்ட்டன் பிளேஸில் சுமித்ரயோ தொண்டு அமைப்பின் 'மெல் மெதுர' என்ற போதை மீட்பு நிலையம் இருக்கிறது. அங்கு பணம் கேட்பதில்லை, வீட்டிலிருந்தபடியே போய்வரலாம். எந்த இலக்கத்துக்கும் முதலில் நீங்களே அழைத்து, "தமிழில் கதைப்பவர் எந்த நேரத்தில் இருப்பார்?" என்று கேட்டு, அந்த நேரத்தையும் கடிதத்தில் எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரியால் சில தாய்மார் அழைப்பார்கள்.

பிற்பகல் 1.30 மணியைப் பற்றியும் சொல்லவேண்டும். மணி அடித்ததும் கேற்றைப் பூட்டிவிடுகிறோம். வீட்டில் ஆள் வர இரவு ஏழு, எட்டு ஆகும். அந்த ஐந்தாறு மணித்தியாலம் அவனுக்குச் சொந்தமாக இருப்பது ஒழுங்கை மட்டுமே. ஒரு அறை வீட்டில் பகல் வெயிலில் யார் இருப்பார்கள்? ஐஸ்லாந்தில் இதை ஒரு நாட்டுத் திட்டமாகவே கையில் எடுத்தார்கள். பிள்ளைகளுக்குப் பின்னேரங்களில் விளையாட்டும் இசையும் கிடைக்க அரசு பணம் கொடுத்தது, பெற்றோர் கூடி இரவில் வீட்டில் இருக்கும் நேரத்தை ஒப்புக்கொண்டார்கள். 1998இல், 15, 16 வயதுப் பிள்ளைகளில் முந்திய ஒரு மாதத்துக்குள் குடித்து வெறித்திருந்தவர்கள் 42 வீதம். 2016இல் அது 5 வீதம். அவர்களின் பணம் நம்மிடம் இல்லை. ஆனால் மைதானம் இருக்கிறது, கேற்றின் சாவி உங்களிடம் இருக்கிறது. கிழமையில் மூன்று நாள் ஐந்து மணிவரை அதைத் திறந்துவைத்து, ஒரு கரம் போட்டும் ஒரு வொலிபோல் வலையும், பொறுப்பாக ஒரு பழைய மாணவனும் இருந்தால், முதலில் டீமில் எடுபடாத பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே எங்காவது இடம் இருக்கிறது.

இறுதியாக அந்த நாளைப் பற்றி, ஒரு பிள்ளை பிடிபடும் நாளைப் பற்றி. அன்றே ஒழுக்காற்றுக் குழுவைக் கூட்டாதீர்கள். பிள்ளையை அலுவலக வாசலில், எல்லாரும் போய்வரும் இடத்தில் நிறுத்தாதீர்கள். மயக்கமாகவோ நெஞ்சு படபடப்பாகவோ இருந்தால் முதலில் வைத்தியசாலை, விசாரணை பிறகு. 'குடுக்காரன்' என்ற சொல் ஆசிரியர் அறையில் ஒரு தடவைகூட வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்கு அங்கு சொன்னது பன்னிரண்டு மணிக்குக் கன்டீனில் இருக்கும். தகப்பனைக் கூப்பிட்டால் அவர் வேலை முடிந்து வரக்கூடிய நேரத்தில் கூப்பிடுங்கள், அவர் உட்கார்ந்த பிறகு கதைக்கத் தொடங்குங்கள். பிள்ளையிடம் "யார் கொடுத்தது?" என்று முதலில் கேட்காமல், "எப்போதிருந்து நித்திரை இல்லை?" என்று கேளுங்கள். ஐஸ் பழகிய பிள்ளைக்கு விழுங்கினால் மாறும் மாத்திரை எதுவும் இல்லை. மாதக்கணக்கில் ஒருவர் கூட இருந்து கதைத்து, இன்று பாவிக்கவில்லை என்பதைக் கண்டு பாராட்டி, மறுபடி விழுந்தால் மறுபடி தொடங்குவதுதான் சிகிச்சை. இரண்டு தடவை, மூன்று தடவை விழலாம். நான்காம் தடவையும் அவன் பெயர் இடாப்பில் இருக்கட்டும்.

இந்த வேலைக்கு என்னையும் எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வாயும் வியாழனும் எனக்கு நேரம் இருக்கிறது, 155ஆம் இலக்க பஸ் வீட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. பணம் வேண்டாம். கதவு மூடக்கூடிய ஓர் அறையும் இரண்டு கதிரையும் போதும். தகப்பனும் வருவதாக இருந்தால் மூன்றாவது கதிரை ஒன்றையும் போட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கொழும்பு 13